கூரையைப் பிரித்த நால்வர்
மனநோயால் துன்புறுவோருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் உதவி எங்கே?

(வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை)



மாற்கு நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தில் முடக்குவாதமுற்ற ஒருவரைச் சந்திக்கிறோம். அவருடைய பெயர் நமக்குத் தெரியாது. அவர் வாய் திறந்து பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. தம் காலால் நடந்து இயேசுவிடம் வர அவரால் முடியாது. நான்கு பேர் அவரைப் படுக்கையோடு தூக்கி வருகிறார்கள். கப்பர்நாகும் வீட்டின் வாசலில் கால்வைக்க இடமில்லாத கூட்டம். அந்த நால்வரும் திரும்பிப் போகவில்லை. வீட்டின்மேல் ஏறிக் கூரையைப் பிரித்து, நோயாளியை இயேசுவின் முன்பாக இறக்குகிறார்கள். அப்போது இயேசு கண்டது அவர்களுடைய நம்பிக்கையை என்று நற்செய்தியாளர் எழுதுகிறார். தூக்கி வந்தவர்களின் நம்பிக்கையும் அங்கே கணக்கில் வந்தது.

மனநோயைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்தப் பகுதிதான் நினைவுக்கு வருகிறது. காய்ச்சல் வந்தவர் தாமே மருத்துவமனைக்குப் போவார். பல்வலி வந்தவர் இரவெல்லாம் விழித்திருந்து விடிந்ததும் ஓடுவார். ஆனால் மனச்சோர்வில் விழுந்தவருக்குப் படுக்கையை விட்டு எழுவதே பெரும்பாடு. காதில் இல்லாத குரல் கேட்கிறவருக்குத் தமக்கு நோய் இருக்கிறது என்பதே தெரியாமல் போகலாம். உதவி தேடும் சக்தியையே பறித்துக்கொள்வதுதான் இந்த நோயின் கொடுமை. ஆகவே யாராவது தூக்கித்தான் ஆக வேண்டும். தூக்குவது எப்படி, எந்த வாசலுக்குப் போவது, வாசல் அடைத்திருந்தால் எந்தக் கூரையைப் பிரிப்பது என்பதை இன்று விளக்கமாகப் பார்ப்போம்.

இது நம் பங்கிலும் இருக்கிறது

2015-16 ஆம் ஆண்டுகளில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தேசிய மனநல ஆய்வு ஒன்றை நடத்தியது. நம் நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை உள்ளது என்று அந்த ஆய்வு கண்டது. அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்றும் சொன்னது. ஞாயிறு திருப்பலிக்கு ஐந்நூறு பெரியவர்கள் வரும் பங்கு என்றால், ஐம்பது பேராவது இந்தச் சிலுவையைச் சுமக்கிறார்கள் என்று பொருள். நமக்குத் தெரிந்தது இரண்டு மூன்று பேர்தான். மற்றவர்கள் மறைத்து வைத்திருக்கிறார்கள், அல்லது மறைத்து வைக்கப்பட்டிருக்கிறார்கள்.

மனநோய் என்றால் தெருவில் கிழிந்த துணியோடு திரிபவரை மட்டும் நினைக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, வாழ்ந்து என்ன பயன் என்று பேசுகிறவருக்கு மனச்சோர்வு நோய் இருக்கலாம். பல நாள் தூங்காமல், ஓயாமல் பேசி, கடன் வாங்கிச் செலவு செய்து, பிறகு சில மாதம் முடங்கிக் கிடக்கிறவருக்கு இருமுனைக் கோளாறு இருக்கலாம். தனியே பேசிச் சிரிப்பதும், சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்று அஞ்சுவதும், குளிக்காமல் அறைக்குள் அடைந்து கிடப்பதும் மனச்சிதைவின் அடையாளங்களாக இருக்கலாம். குழந்தை பெற்ற சில நாளில் காரணமின்றி அழுகிற இளம் தாய், காலையில் சாப்பிட்டதை மறந்துவிட்டு மீண்டும் சோறு கேட்கும் பாட்டி, மதுவை விட முயன்று கைநடுங்கித் தோற்றுப்போகிற தகப்பன், இவர்களுக்கும் மருத்துவ உதவி தேவை. இவற்றில் எதுவும் பாவத்துக்குத் தண்டனை அல்ல. குடும்பத்துக்கு வந்த சாபமும் அல்ல.

செபமா, மருந்தா?

திருப்பலி முடிந்ததும் பங்குத்தந்தையரிடம் அடிக்கடி வரும் பேச்சு இது: “ஃபாதர், தம்பி ஒரு மாசமாத் தூங்க மாட்டேங்கிறான். யாரோ செய்வினை வெச்சிட்டாங்கன்னு சொல்றாங்க. தலையில கைய வெச்சு மந்திரிச்சு விடுங்க.” அந்தத் தாயின் கண்ணீர் உண்மையானது. நான் அந்தப் பிள்ளையின் தலையில் கைவைத்துச் செபிப்பேன். பிறகு, “அம்மா, நாளைக்குக் காலையில பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. துணைக்கு ஆள் வேணும்னா நான் அனுப்புறேன்” என்பேன். இந்த இரண்டில் ஒன்றைச் செய்தால் மற்றது வேண்டாம் என்று திருச்சபை ஒருநாளும் சொன்னதில்லை.

சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். மருத்துவரைப் படைத்தவர் ஆண்டவர், மருந்துகளை மண்ணிலிருந்து தருபவரும் அவரே என்கிறது அந்தப் பகுதி. நோயுற்றால் ஆண்டவரிடம் மன்றாடு, மருத்துவருக்கும் இடம் கொடு என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. மருந்தை மறுப்பதுதான் விசுவாசம் என்றால் இந்தப் பகுதி நம் விவிலியத்தில் இடம்பெற்றிருக்காது.

பேயோட்டுதல் பற்றியும் தெளிவாகச் சொல்ல வேண்டும். திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1172ஆம் சட்டப்படி, மறைமாவட்ட ஆயரின் தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் அதை முறைப்படி செய்ய முடியாது. இருப்பது நோயா, தீய ஆவியின் செயலா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 1673ஆம் எண்ணில் கற்பிக்கிறது. நோயைக் குணமாக்குவது மருத்துவ அறிவியலின் வேலை என்றும் அங்கேயே சொல்கிறது. ஆகவே கூட்டத்தின் நடுவே ஒரு நோயாளியின் முடியைப் பிடித்து உலுக்கி, பேயே உன் பெயர் என்ன என்று கேட்கும் எவரும் திருச்சபையின் பெயரால் அதைச் செய்யவில்லை. நம்பிக்கை இருந்தால் மாத்திரையைத் தூக்கிப் போடு என்று சொல்பவரும் அப்படித்தான். அவருடைய பேச்சைக் கேட்டு மருந்தை நிறுத்தியவர் மறுபடி நோயில் விழும்போது, தூக்கிவிட அவர் அருகில் இருக்கமாட்டார்.

நோன்பு பற்றியும் ஒரு சொல். நோயுற்றோரை நோன்புக் கடமை கட்டுப்படுத்தாது. இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் உட்கொள்பவர்கள் தண்ணீர்கூட அருந்தாமல் நோன்பிருப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். தவக்காலத்தில் உங்கள் நோன்பு வேளாவேளைக்கு மருந்து உண்பதுதான். நோயில்பூசுதலும் சாகப்போகிறவர்களுக்கு மட்டும் உரிய அருளடையாளம் அல்ல. கடும் மனநோயில் வாடுவோருக்காக அதைக் கேட்கத் தயங்காமல் உங்கள் பங்குத்தந்தையிடம் பேசுங்கள்.

முதலில் எங்கே போவது?

பல குடும்பங்கள் இங்கேதான் திகைத்து நிற்கின்றன. வழி நாம் நினைப்பதைவிடப் பக்கத்தில் இருக்கிறது.

வீட்டிலிருந்தபடியே தொடங்க வேண்டுமானால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். டெலி மனாஸ் எனப்படும் இந்தச் சேவையை மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். நோயாளிதான் பேச வேண்டும் என்பதில்லை. அவருடைய அக்காவோ கணவரோ பேசி, அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்கலாம். தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

நேரில் போக வேண்டுமானால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலத் துறை உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநல மருத்துவர் இருப்பார். அது தொலைவு என்றால் மாவட்ட மனநலத் திட்டத்தைப் பற்றி விசாரியுங்கள். நாட்டில் இந்தத் திட்டம் 1996இல் தொடங்கப்பட்டபோது முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட நான்கு மாவட்டங்களில் நம் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. இத்திட்டத்தின் மருத்துவர்கள் குறிப்பிட்ட நாட்களில் வட்ட அளவிலான மருத்துவமனைகளுக்கு வந்து நோயாளிகளைப் பார்க்கிறார்கள். மனநல டாக்டர் எந்தக் கிழமை வருகிறார் என்று உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் போதும். பார்ப்பதும் மாத்திரையும் இலவசம்.

சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை 1794 முதல் இயங்கி வருகிறது. மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப், மனச்சிதைவு நோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் தொண்டாற்றுகிறது. வீடற்றுத் தெருவில் திரியும் மனநோயுற்ற பெண்களுக்காக 1993இல் உருவான அமைப்பு பான்யன். மது, போதை அடிமைத்தனத்துக்கு டி.டி.கே. மருத்துவமனை 1980 முதல் சிகிச்சை அளிக்கிறது.

யாரைப் பார்க்கிறோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மேலே மனநலம் படித்தவர். நோயைக் கண்டறிந்து மருந்து எழுதித் தருபவர் இவரே. உளவியலாளர் பரிசோதனைகள் செய்து, பேச்சு வழியாகச் சிகிச்சை தருகிறார், மருந்து எழுதமாட்டார். ஆலோசகர் குடும்பச் சிக்கல், துக்கம், தேர்வு அச்சம் போன்றவற்றில் துணைநிற்கிறார். நம் மறைமாவட்டங்களில் ஆலோசனைப் பயிற்சி பெற்ற குருக்களும் அருள்சகோதரிகளும் இருக்கிறார்கள், அவர்களால் நன்மை உண்டு. ஆனால் காதில் குரல் கேட்கிறது என்பவரையும், சாக வேண்டும் என்பவரையும் ஆலோசகரோடு நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

போகும்போது நோயாளியோடு வாழும் ஒருவர் கூடவே போங்கள். எப்போது தொடங்கியது, எத்தனை மணிநேரம் தூங்குகிறார், சாப்பாடு எப்படி, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா, இப்போது வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய மருந்துச் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் எடுத்துச் செல்லுங்கள். ஓ.பி. காலையில்தான் என்பதால் நேரத்தோடு கிளம்புங்கள். மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள், நீங்கள் எழுதிய அந்தத் தாள் அவருக்குப் பெரிய உதவி.

மருந்து தொடங்கிய மறுநாளே மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலைசெய்யச் சில வாரங்கள் ஆகும். தூக்கக் கலக்கம், உடல் எடை கூடுவது, கைகால் விறைப்பு போன்ற தொல்லைகள் வந்தால் மருத்துவரிடமே சொல்லுங்கள், அவர் அளவையோ மருந்தையோ மாற்றுவார். நலமாகிவிட்டது என்று தோன்றும்போது நாமாக நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிற நாம், இதற்கு மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

வர மாட்டேன் என்றால்?

“எனக்கென்ன பைத்தியமா?” என்ற கேள்வியோடு எத்தனையோ பயணங்கள் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. வாதாட வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் விஷம் வைக்கிறார் என்று அவர் நம்பினால், இல்லை என்று நிரூபிக்கவும் வேண்டாம், ஆமாம் என்று ஒத்துப்பாடவும் வேண்டாம். அவருக்கே தெரிகிற தொல்லையைப் பிடித்துக்கொள்ளுங்கள். “தூக்கமே இல்லாமக் கஷ்டப்படுறியே, அதுக்காகப் போய்ப் பார்ப்போம்” என்றால் பலர் வருவார்கள். அவர் மதிக்கும் ஒருவர், தாய்மாமனோ ஆசிரியரோ நண்பரோ, அழைக்கட்டும். அப்படியும் வராவிட்டால் குடும்பத்தார் மட்டும் போய் மருத்துவரிடம் வழிகேட்கலாம். மருத்துவர் சொல்லாமல் சோற்றில் மாத்திரையைக் கலந்து கொடுக்காதீர்கள். ஒருநாள் அது தெரியவரும்போது, வீட்டுச் சோற்றின்மேலேயே அவருக்கு நம்பிக்கை போய்விடும்.

கட்டிப்போடுவது, பூட்டிவைப்பது இரண்டும் கூடவே கூடாது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகளால் தப்பி ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. எந்த மதத்தாரையும் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. நோயாளியை எங்கேயாவது விட்டுவிட்டு வந்தால் போதும் என்று நினைக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும், அந்த நினைப்பைக் கண்டும் காணாமல் இருக்கும் எல்லாச் சமூகங்களுக்கும் அது எச்சரிக்கை.

கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்ற பேச்சையும் நிறுத்துவோம். திருமணம் மருந்து அல்ல. நோயை மறைத்து ஒரு பெண்ணையோ பையனையோ பலிபீடத்தின் முன் நிறுத்துவது ஏமாற்று வேலை. அந்தத் திருமணம் செல்லுமா என்ற கேள்வியே பிறகு எழக்கூடும். சிகிச்சையில் நலமாக இருப்பவர்கள் உண்மையைச் சொல்லி, மருத்துவரின் அறிவுரையோடு நல்ல இல்லறம் நடத்துகிறார்கள். அங்கே மறைப்பதற்கு எதுவும் இருப்பதில்லை.

உயிருக்கு ஆபத்து என்றால்

அரசர்கள் முதல் நூல் 19ஆம் அதிகாரத்தில் இறைவாக்கினர் எலியா சூரைச்செடியின் அடியில் படுத்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்ற பொருளில் மன்றாடுகிறார். அதற்கு முன்தான் கார்மேல் மலையில் வானத்திலிருந்து நெருப்பை வரவழைத்தவர் அவர். அத்தனை பெரிய விசுவாசிக்கும் அந்த வேளை வந்தது. அவரிடம் வந்த வானதூதர் திட்டவில்லை, உபதேசம் செய்யவில்லை. தொட்டு எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் தந்தார். மறுபடி தூங்கவிட்டு மறுபடியும் எழுப்பி உணவு தந்தார். எலியா எழுந்து நடக்கப் பலம் வரும்வரை அருகில் இருந்தார்.

சாவைப் பற்றி ஒருவர் பேசினால், சும்மா மிரட்டுகிறான் என்று ஒதுக்காதீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று அமைதியாக நேரடியாகக் கேளுங்கள். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைக்காது. மாறாக, தன் பாரத்தைச் சொல்ல ஒரு ஆள் கிடைத்ததே என்ற ஆறுதல் கிடைக்கும். அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, எலிமருந்து, மொத்தமாக வாங்கி வைத்த மாத்திரைகள் எல்லாவற்றையும் வீட்டிலிருந்து அகற்றுங்கள். விவசாயக் குடும்பங்களில் பூச்சிமருந்தைப் பூட்டிவைப்பதே பல உயிர்களைக் காக்கும். 14416 ஐ அழையுங்கள். மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய சினேகா அமைப்பின் எண் 044-24640050. எதையாவது குடித்துவிட்டார், காயப்படுத்திக்கொண்டார் என்றால் உடனே 108.

போலீஸ் கேஸ் ஆகுமே என்று அஞ்சி மருத்துவமனைக்குப் போகாமல் இழந்த உயிர்கள் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டியது அரசின் கடமை என்கிறது. அதைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை. தயங்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

இப்படி ஒருவரை ஏற்கெனவே இழந்துவிட்ட குடும்பங்களும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். கடும் மனக்குழப்பமும் வேதனையும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று மறைக்கல்வி 2282ஆம் எண்ணில் சொல்கிறது. அவர்களுடைய மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும், திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்றும் அடுத்த எண்ணில் கற்பிக்கிறது. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு அடக்கச் சடங்கு மறுக்கப்பட்டவர்கள் பட்டியலில் அவர்களையும் சேர்த்திருந்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் பட்டியலில் அவர்கள் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்கு மட்டும் ஒரு மூலை என்று ஒதுக்குவது நாம் உண்டாக்கிய வழக்கம்தான். உங்கள் மகனுக்காகவும் மகளுக்காகவும் திருப்பலிக் கருத்து எழுதிக் கொடுங்கள். பெயரை உரக்க வாசிப்போம்.

சட்டம் தரும் உரிமைகள்

2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் குடும்பங்கள் அறிய வேண்டியவை சில. அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை. நோயாளி நலமாக இருக்கும்போதே, தனக்காக முடிவெடுக்க உதவும் ஒருவரை நியமனப் பிரதிநிதியாக ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ இட்டு வைக்கலாம். தாமே முடிவெடுக்க இயலாத அளவுக்கு நோய் முற்றி, தமக்கோ பிறருக்கோ ஆபத்து என்னும் நிலை வந்தால், அந்தப் பிரதிநிதி விண்ணப்பித்து மருத்துவமனையில் சேர்க்க வழி உண்டு. அதற்கு ஒரு மனநல மருத்துவரும், மற்றொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியே பரிசோதித்து ஒப்ப வேண்டும். முதலில் 30 நாள் வரைதான்.

சங்கிலியிடுவதை இந்தச் சட்டம் தடைசெய்கிறது. கரண்ட் ஷாக் கொடுப்பார்களே என்று அஞ்சுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மயக்கமருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் தராமல் மின்அதிர்வுச் சிகிச்சை அளிப்பது சட்டப்படி தடை. நோயாளியைப் பற்றிய விவரங்களை இரகசியமாகக் காப்பது மருத்துவமனையின் கடமை. காப்பீட்டு நிறுவனங்கள் மற்ற நோய்களுக்குப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும். தெருவில் திரியும் மனநோயாளியைக் கண்டால் காவல்நிலையத்துக்குத் தெரிவியுங்கள். அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் சேர்ப்பது அவர்களுடைய பொறுப்பு.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் நாட்பட்ட மனநோயும் இடம்பெற்றுள்ளது. 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பு என்று அரசு மருத்துவர் சான்றளித்தால் தேசிய அடையாள அட்டை பெறலாம். அதன்வழி என்னென்ன சலுகை கிடைக்கும் என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். உரிமை மறுக்கப்பட்டால், நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரை இலவசமாகத் தரும்.

சுமப்பவர்களைச் சுமப்போம்

குழந்தை இயேசுவின் புனித தெரேசாவை நாம் எல்லாரும் அறிவோம். அவருடைய தந்தை லூயி மார்ட்டின் முதுமையில் மூளை நோயால் மனம் குழம்பி, 1889இல் கான் நகர மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தார். மகள்கள் ஒருவர்பின் ஒருவராக மடத்துக்குப் போனதால்தான் தகப்பனுக்கு இப்படி ஆயிற்று என்று ஊர் பேசியது. செலினும் லெயோனியும் மருத்துவமனைக்கு அருகிலேயே சில காலம் தங்கி அவரைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வீட்டுக்கு அழைத்துவரப்பட்ட அவரை, 1894இல் அவர் இறக்கும்வரை குடும்பத்தார் கவனித்தார்கள். 2015 அக்டோபர் 18 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரையும் அவர் மனைவி செலியையும் புனிதர்களாக அறிவித்தார். மனநோய் மருத்துவமனையில் ஆண்டுக்கணக்கில் இருந்த ஒருவர் இன்று பலிபீட மேன்மையில் இருக்கிறார். இனி நம்மில் யார் வெட்கப்பட வேண்டும்?

அந்த மகள்களின் களைப்பை எண்ணிப்பாருங்கள். நம் பங்கிலும் அப்படி ஒரு தாய் இருக்கிறார். இருபது ஆண்டுகளாக எந்தத் திருவிழாவுக்கும், உறவினர் வீட்டுத் திருமணத்துக்கும் போகாதவர். மகனை விட்டுவிட்டு வெளியே போக முடியாது. தான் போனபின் அவனை யார் பார்ப்பது என்ற கேள்வி இரவில் அவரைத் தூங்கவிடாது. அவருக்குப் பாதுகாவலர் தேவையில்லை, மாதத்தில் ஒரு பிற்பகல் ஓய்வு தேவை.

ஒவ்வொரு அன்பியமும் இதைச் செய்யலாம். அப்படிப்பட்ட குடும்பத்துக்கு மாதம் ஒருமுறை இருவர் போய் உட்காருங்கள், அந்த அம்மா திருப்பலிக்கோ கடைக்கோ போய்வரட்டும். வின்சென்ட் தே பால் சபையினர் மருத்துவமனைக்குப் போகும் நாளில் பேருந்துச் செலவையும் துணையையும் ஏற்றுக்கொள்ளட்டும். மறைக்கல்வி வகுப்பில் ‘லூசு’, ‘மெண்டல்’ என்ற சொற்கள் ஒலிக்காதபடி ஆசிரியர்கள் பார்த்துக்கொள்ளட்டும். குடிநோயாளியின் மனைவி மக்களுக்கு அல்-அனான் குழுக்கள் இருக்கின்றன, விசாரித்துச் சேர்த்துவிடுங்கள். விசுவாசிகள் மன்றாட்டில் நோயாளிகளுக்காக வேண்டும்போது, மனநோயால் துன்புறுவோர் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் பின்வரிசையில் இருக்கும் ஒரு தாய், இங்கே என் வீட்டைப் பற்றிப் பேசலாம் என்று துணிவார்.

இந்த வாரம் உங்களுக்குத் தெரிந்த அப்படி ஒரு குடும்பத்தின் கதவைத் தட்டுங்கள். அறிவுரை வேண்டாம். “செவ்வாய்க்கிழமை நான் லீவு போடுறேன் அக்கா, நம்ம சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?” என்று கேளுங்கள். படுக்கையின் ஒரு முனையைப் பிடிக்க அது போதும்.

சோர்ந்தோரைத் தேடிவரும் ஆண்டவரே, மனம் நொந்து வாடுவோரையும், அவர்களுக்காகக் கண்விழித்திருக்கும் குடும்பத்தாரையும், மருத்துவர்களையும் செவிலியர்களையும் ஆசீர்வதியும். தூக்கிச் செல்லும் தோள்களாக எங்களை மாற்றும். ஆமென்.